கருப்பராயனிடம் ஒரு டர்போக் கேள்வி

ஒன்றா, இரண்டா? சூலூரைத் தாண்டி வண்டி திருச்சி ரோட்டுக்கு ஏறுகிறபோதும் திருமூர்த்தியின் மண்டைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாளாக இதே ரோதனை. குளிக்கிறபோது இரண்டு என்று முடிவு கட்டினால், தலை துவட்டுவதற்குள் ஒன்று என்று ஆகிவிடுகிறது. பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். கோயமுத்தூர் கணபதியில் வண்டிப்பட்டறை வைத்திருக்கிற எபனேசர் நேற்றே போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "பைப்பு வளைச்சு வெல்டிங் வெக்கிற ஆளு நாளைக்கு ஒரு நாள்தாங்ணா வர்றாப்ல. ஒத்த டர்போன்னா ஒரு மாதிரி வளைக்கோணும், ரெட்டைன்னா வேற மாதிரி. பாதியில மாத்த முடியாதுங்ணா, பத்து மணிக்குச் சொல்லீருங்க." சொல்லீருங்க என்றால் எப்படிச் சொல்வது? ஐம்பத்து நாலு வயசு ஆகிறது. பம்புசெட்டுக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கிற லேத்துப் பட்டறையில் பதினெட்டு பேருக்கு முதலாளி. கிணத்து மேட்டில் நின்று கொண்டு, பத்து எச்பி மோட்டார் ஒன்று போடட்டுமா, அஞ்சு எச்பி இரண்டு போடட்டுமா என்று விவசாயி கேட்டால், வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஆள். ஊருக்குத்தான் உபதேசம். தன் வண்டி என்று வந்ததும் மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறான், அதுவும் பெண்டாட்டியின் வண்டியில், பெண்டாட்டி ஓட்ட, பக்கத்து சீட்டில். அந்தப் பெண்டாட்டிக்காகத்தான் இந்தக் குழப்பமே. அவனுடைய வெண்ணெய் நிறக் கான்டெஸா காரில் வசந்தாமணி கால் வைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த முறை எதைப் போட்டால் அவள் மறுபடி ஏறி உட்காருவாள்? அது தெரிந்தால் போதும், பைப்பை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொள்ளட்டும்.

"கேக்கறீங்களா?" என்றாள் வசந்தாமணி. "ம்" என்றான். "ருக்குமணி பையன் ஜாதகத்தை போன்ல அனுப்பறேன்னு அனுப்பியிருக்கறா. தரகருக்குன்னு நெனச்சு அனுப்பியிருக்கறா." "ம்." ருக்குமணி என்பது எதிர்வீட்டுக்காரி. பையன் என்பது அந்தக் கண்ணாடி போட்ட பையன். அவ்வளவு பதிந்தது, மேற்கொண்டு பதியவில்லை, ஏனென்றால் வசந்தாமணி நாற்பதில் போய்க்கொண்டு நாலாவது கியரில் வைத்திருந்தாள். எஞ்சின் உர்ர்ரென்று அழுதது. மூன்றுக்கு வா, தாயே, மூன்றுக்கு வா என்று அவன் வலது கை தொடை மேல் துடித்தது. ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எழுதாமல் போட்ட ஒப்பந்தங்களில் இதுதான் பலமானது: அவள் வண்டியில் அவள் கியர், அவன் வண்டியில் அவன் கியர், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெளியே வெயில் இன்னும் சூடேறவில்லை. சாளரக் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வரை போகிறது. காலையில் தின்ற ராகிப் புட்டு வயிற்றில் பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் இன்றைக்கு வார விடுமுறை. அவள் கிராஸ்கட் ரோட்டில் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போகிறாள், போகிற வழியில் அவனைக் கணபதியில் இறக்கி விடுவாள். சொல்லப்போனால் எந்தக் குறையும் இல்லை. ஒன்றா இரண்டா என்பதைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு வேறு கவலையே இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுமே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு நிம்மதியாக இருந்தால் எங்கேயோ எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்றுதானே அர்த்தம். கேஸை அணைத்தோமா? அணைத்தோம். மோட்டார் சுவிட்ச்? அதுவும்தான்.

ஒன்று. சரி, ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். பெரிய டர்போ ஒன்று. எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுழற்றும், அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள்ளேயே திணிக்கும், அவ்வளவுதான் டர்போ. முதல்முதலாக எபனேசர் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது திருமூர்த்தி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம இம்பெல்லரு!" என்று கத்திவிட்டான். முப்பது வருஷமாகத் தண்ணீரைத் தள்ளுவதற்கு அவன் கடைந்து கொண்டிருந்ததேதான், இங்கே காற்றைத் தள்ளுகிறது. உள்ளங்கை அகலம், அத்தனை இதழ்களும் கத்தி போல, நிமிஷத்துக்கு லட்சம் சுற்று. அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரவில்லை, அப்படி ஒரு சந்தோஷம். கான்டெஸாவுக்குள் ஜப்பான்காரனின் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, காகிதங்களையெல்லாம் ஒழுங்காக முடித்து, இந்தப் பெரிய டர்போ ஒன்றையும் மாட்டி ஓட்ட ஆரம்பித்து நாலு வருஷம். இப்போது அந்த டர்போவின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. நீலப் புகை. மாற்றியே ஆக வேண்டும். பெரிய டர்போவின் குணம் கல்யாண வீட்டு அண்டா மாதிரி, காய நேரமெடுக்கும். எஞ்சின் மூவாயிரத்து எண்ணூறு சுற்றுக்கு வருகிற வரைக்கும் கல்லுளிமங்கன் போல ஒன்றும் பேசாது. அதுவரை சாதாரண வண்டிதான், இன்னும் சொல்லப்போனால் சாதாரண வண்டியைவிடக் கொஞ்சம் சோம்பேறி. பிறகு, எங்கேயோ தூரத்தில் விசில் மாதிரி ஒன்று கிளம்பும், ஈ... என்று, அது ஏறும், ஏறும், இதோ இதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அப்புறம் வந்துவிடும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அய்யோ, அதற்கு ஈடாக எதைச் சொல்வது. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமானால் நீளமான ரோடு வேண்டும், காலை ஆறு மணி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டும். சிங்காநல்லூர் சிக்னலில் மூவாயிரத்து எண்ணூறுக்கு எங்கே போவது? டவுன் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்துகொண்டு, வராத விருந்தாளிக்கு இலை போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரிதான்.

"அந்த நம்பர்க்காரங்க யாருன்னே இவளுக்குத் தெரியாது. கடைசி நம்பர் ஏழுக்கு பதிலா ஒண்ணு. ஆனா அங்கிருந்து பதில் வந்துருச்சுங்க." "ம்." "என்ன பதில்னு கேக்க மாட்டீங்களா?" "என்ன பதில்?" என்று கேட்டான், கேட்டுவிட்டு, இரண்டு என்றால் என்ன என்று யோசிக்கப் போய்விட்டான். இரண்டு சின்ன டர்போ. மூன்று சிலிண்டருக்கு ஒன்று வீதம். சின்ன விசிறி, சட்டென்று சுற்றும். ஆயிரத்தைந்நூறு சுற்றிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடும், காத்திருக்க வேண்டாம், சிக்னலில் காலை வைத்தால் வண்டி கூடவே வரும். தூக்கியடிக்காது, தள்ளிக்கொண்டு போகும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி ஏறுவதென்றால் இதுதான் சுகம். ஆனால் எல்லாம் இரட்டை: இரண்டு எண்ணெய்க் குழாய், இரண்டு தண்ணீர்க் குழாய், இரண்டு இடத்தில் கசிவு, இரண்டு இடத்தில் சூடு. கை நுழைய இடமிருக்காது. ஒரு நட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஒன்பதைக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட வண்டி ஓட்ட வருகிற கூட்டாளிகள் நீலாம்பூர் டீக்கடையில் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள்? "என்னங்ணா, வயசாயிருச்சுன்னு சின்னதாப் போட்டுட்டீங்களா?" சொல்லட்டும். வயசு ஆகத்தான் ஆகிவிட்டது. பிரஷர் மாத்திரை ஒன்று காலையில், ஒன்று பொழுதோடு. மாத்திரையும் இரட்டைதான். அவனுக்கே சிரிப்பு வந்தது. வசந்தாமணியும் சிரித்தாள், தன் கதைக்குத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து. அதைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளே ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் திருத்தவில்லை. அவள் சிரிப்பு நன்றாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்தி பொள்ளாச்சி ரோட்டில் அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனை இன்று வரை அரிக்கிறது. அவள் தங்கச்சி சாவித்திரி வீட்டுக்குப் போனார்கள், கான்டெஸாவில், வியாழக்கிழமை, ரோடு காலி. கிணத்துக்கடவு தாண்டியதும் நேர் ரோடு. இரண்டு பக்கமும் தென்னை. அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தான்! தான் கண்டுபிடித்த ஒரு நல்ல ஓட்டலுக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப்போகிற மாதிரி. காலை அழுத்தினான். மூவாயிரம், மூவாயிரத்து எண்ணூறு, அந்த விசில் கிளம்பி, ஏறி, வந்தது. பக்கத்தில் பார்த்தால் அவள் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பொள்ளாச்சி வரை பேசவில்லை. அன்று சாவித்திரி வீட்டில் தங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் வந்து கூட்டிக்கிறேன் என்று அவன் போன் பண்ணியும் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்கப்புறம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், "என்ற வண்டியில போயிக்கலாங்க" என்றுதான் சொல்வாள். சண்டை கிடையாது, குத்தல் கிடையாது. கான்டெஸாவைக் கழுவினால் ஒரு கை துணிகூடப் பிடிப்பாள். ஏற மாட்டாள், அவ்வளவுதான். பயந்துவிட்டாள், நான்தான் பயமுறுத்திவிட்டேன். ஆசைப்பட்டு மாட்டின டர்போவுக்குப் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரே ஆள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நானாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு. மெதுவாக வருகிற இரண்டு. அவள் பயப்படாமல் உட்காருவாள். ஆனால் இரண்டைப் போட்டு, கையில் பிடித்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியையும் விட்டுக்கொடுத்து, அப்புறமும் அவள் ஏறாவிட்டால்? அப்போது இதுவும் போச்சு, அதுவும் போச்சு. அதனால் ஒன்று. இப்படித்தான் ஆறு நாளாக.

"சித்த கருப்பராயனைக் கும்பிட்டுட்டுப் போயிரலாங்க" என்று சொல்லி, ஒண்டிப்புதூர் வருவதற்கு முன்னாலேயே இடது பக்கச் சந்தில் வண்டியைத் திருப்பினாள். டவுனுக்குப் போகிறபோதெல்லாம் இது வழக்கம். வேப்பமரத்தடியில் சின்னக் கோயில், தகரக் கூரை, பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் கடை. இறங்கினதும் பார்த்தால் சாமிக்கு முன்னால் நாலு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பூ வாக்குக் கேட்கிறார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டி, குலுக்கி, கருப்பராயன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, பங்காளியோடு பேசலாமா, இந்தப் பக்கத்தில் எல்லாம் பூ கேட்டுத்தான். திருமூர்த்தியின் அப்பா பட்டறைக்கு இடம் வாங்கியதே பூ கேட்டுத்தான். அட, இது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை! கால் தானாக வரிசையில் போய் நின்றுவிட்டது. வசந்தாமணி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்களா? எதுக்குங்க?" "சும்மாதான் புள்ளே, ஒரு சோலி." "பட்டறைக்குங்களா?" "அப்படித்தான்னு வெச்சுக்கயேன்." அவள் விளக்கு போடப் போய்விட்டாள். பூசாரி தலையைத் தூக்காமலே சொன்னார்: "வெள்ளை எது, செவப்பு எதுன்னு உங்க மனசுல வெச்சுக்கோணும். வாயைத் தொறந்து சொல்லப்படாது. ஒரு தடவைதான். மறுக்காக் கேட்டா அய்யனுக்குக் கோவம் வந்துரும்."

வெள்ளை ஒன்று, சிவப்பு இரண்டு. முடிந்தது. ஒற்றை நிறம் வெள்ளை, அதற்கு ஒற்றை டர்போ, பொருத்தமாகத்தான் இருக்கிறது. முன்னால் மூன்று பேர். வேப்பம்பூ வாசமும் எரிந்த கற்பூர வாசமும் கலந்து வந்தது, மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் வெள்ளை என்றால் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியுமே. வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது, காலங்காலமாக அப்படித்தானே? அப்படியானால் ஒற்றைக்கு வெள்ளையைக் கொடுத்தது பட்சபாதம் அல்லவா? எனக்கு ஒற்றைதான் வேண்டும் என்று சாமிக்கு முன்னாலேயே கண்ணடித்த மாதிரி. திருட்டுப் புத்தி. சரி, மாற்று. வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று. இது வசந்தாமணிக்காக. முன்னால் நின்ற ஆளுக்குச் சிவப்பு வந்தது. அவர் முகம் செத்துப் போச்சு. பாவம், பெண் கேட்கப் போனாரோ என்னவோ. இப்போது இரண்டு பேர். ஆனால் கருப்பராயனுக்குப் பிடித்தது சிவப்பு இல்லையா? கட்டியிருக்கிற துணி சிவப்பு, நெற்றியில் வைத்த குங்குமம் சிவப்பு, சாமி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொடுத்தால் சிவப்பைத்தானே எடுப்பார்? அப்படியென்றால் சிவப்பை ஒற்றைக்குக் கொடுத்தது மறுபடியும் அதே கண்ணடிப்பு. ச்சே, எந்தப் பக்கம் போனாலும் இந்த மனசு ஒற்றைப் பக்கமே சாய்கிறது. மாற்று. வெள்ளை ஒன்று. இல்லை, மாற்றாதே, சாமி என்ன உன் பட்டறை சூப்பர்வைசரா, நீ நினைப்பதையெல்லாம் குறித்துக்கொண்டிருக்க. அப்போது முன்னால் இருந்த புருஷன் பெண்டாட்டிக்கு வெள்ளை வந்துவிட்டது. போர்வெல் போட இடம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, அந்தப் பெண்பிள்ளை "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று குதித்தாள், புருஷன் முன்பின் தெரியாத திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினான், "எறநூறு அடியில தண்ணிங்ணா, பாருங்க!" என்றான், திருமூர்த்தியும் மனசாரச் சிரித்து, "மோட்டார் வேணும்னா சொல்லுங்க" என்றான். பூசாரி இலைப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கினான். பிரித்தான். சிவப்பு.

சிவப்பு. நல்லது. சிவப்பென்றால்? சிவப்பென்றால் இரண்டு. இல்லை, அது முதலில் வைத்தது. அப்புறம் மாற்றினோம். அப்புறம் மறுபடியும் மாற்றினோமா, மாற்றாதே என்றோமா? மாற்றாதே என்றால் எதிலிருந்து எதற்கு? போர்க்காரன் கையைப் பிடித்தபோது மனசில் எது இருந்தது? அவன் உள்ளங்கையின் காய்ப்பு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்பிள்ளையின் பச்சைக் கண்ணாடி வளையல் ஞாபகம் இருக்கிறது. எறநூறு அடி ஞாபகம் இருக்கிறது. வேண்டியது மட்டும் இல்லை. "சாமி, நான்..." என்று ஆரம்பித்தான். "நெனச்சது நெனச்சதுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் பூசாரி அடுத்த பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் மைக்ரோமீட்டரைப் பிடித்து, நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் திருப்பிக் கொடுக்கிற ஆள்! செவ்வரளியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் திருதிருவென்று நின்றான். தன் மேலேயே கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

"என்னங்க வந்துச்சு?" வண்டியில் ஏறினதும் வசந்தாமணி கேட்டாள். "செவப்பு." "அய்யோ. செவப்புன்னா ஆகாதுங்களா?" "தெரியல புள்ளே." "தெரியலயா?" அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னான். ஒற்றை டர்போ, இரட்டை டர்போ, எபனேசர், பத்து மணி, வெள்ளை, சிவப்பு, மாற்றினது, மாற்றாதது, எல்லாம். அவள் சாவியைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஹாரன் ஒரு தடவை அடித்துவிட்டது, பஞ்சர் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "கருப்பராயங்கிட்டப் போயி டர்போவைக் கேட்டீங்களா! அவரு குதிரையில போற சாமிங்க! அவருக்கு என்னத்தைத் தெரியும்!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சிரித்ததில் அவனுக்கு வெட்கம் போய்விட்டது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டான், மூன்று வருஷமாகக் கேட்காததை. "சிரிக்காதே. எல்லாம் உனக்காகத்தான். நீ பயந்துக்கறயேன்னுதான் ரெண்டு போடலாமான்னு பாக்கறேன். போட்டா நீ ஏறி உக்காருவியா, மாட்டியா? அதைச் சொல்லு."

"நானா? பயந்தனா?" அவள் நிஜமாகவே திகைத்தாள். "வேகத்துக்கு நான் எங்கீங்க பயந்தேன். என்ற அப்பன் புல்லட்டுல பொறத்தால உக்காந்து தாராவரத்துக்கும் காங்கயத்துக்கும் போய்ட்டு வந்தவ நானு." "அப்பறம் ஏன் பொள்ளாச்சியில இருந்து பஸ்ஸுல வந்தே?" அவள் வண்டியைக் கிளப்பி, சந்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, மேம்பாலம் ஏறின பிறகுதான் பேசினாள். "அன்னைக்குக் கிணத்துக்கடவு தாண்டி நான் என்ன சொல்லிட்டு வந்தேன்னு சொல்லுங்க பாக்கலாம்." திருமூர்த்தி யோசித்தான். தென்னை ஞாபகம் வந்தது. ரோடு ஞாபகம் வந்தது. மூவாயிரத்து எண்ணூறு ஞாபகம் வந்தது. "சொல்லிட்டு வந்தியா?" "மாருல ஒரு கட்டியாட்டத் தட்டுப்படுதுங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்கன்னு ஆரம்பிச்சேன். நீங்க, ஸ்ஸ், சித்த சும்மா இரு புள்ளே, கேளு கேளு, இப்ப வரும் பாருன்னீங்க. நான் கேட்டேன். வந்துச்சு, உங்க டர்போ. அப்பறம் நான் எதுக்குச் சொல்லோணும்னு வாயை மூடிக்கிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கறிவேப்பிலை என்ன விலை என்று சொல்கிற குரல். "சாவித்திரிதான் மக்யாநாளு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஊசியில எடுத்துப் பாத்தாங்க. வெறும் நீர்க்கட்டி, ஒண்ணும் பண்ண வேண்டியதில்லைன்னுட்டாங்க. அதோட போச்சுங்க, இப்ப அதுவும் இல்லை. ஆனா அந்த வண்டியில உக்காந்தா நீங்க அதைத்தான் கேப்பீங்க. நான் எதுக்கு நடுவுல."

மாரில் கட்டி. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இவன் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து தனியாகத் திரும்பி வந்தானே, கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள்கள் கொஞ்சம்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தானே, அதே நேரத்தில் இவள் சாவித்திரி வீட்டுக் கட்டிலில் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்திருப்பாள்? அடுத்த நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில்? ஊசி போடுகிறபோது யார் கையைப் பிடித்துக்கொண்டாள்? அவன் அந்த நேரத்தில் பட்டறையில் எவனிடமோ டர்போவைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்திருப்பான், அதில் சந்தேகமே இல்லை. ஒன்றுமில்லை என்று வந்தது, சரி. வராமல் போயிருந்தால்? திரும்பி அவளைப் பார்த்தான். காதோரம் நரை, மூக்குத்தி, வேர்த்த மேலுதடு, ரோட்டில் கண். நன்றாக இருக்கிறாள். பக்கத்திலேயே இருக்கிறாள். "ஏன் புள்ளே, என்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று கேட்டான்.

"சொன்னேனுங்களே" என்றாள் வசந்தாமணி.

வண்டி மேம்பாலத்திலிருந்து இறங்கியது. சிங்காநல்லூர் குளத்துக் காற்று ஒரு நிமிஷம் வண்டிக்குள் வந்து போனது. "தப்புத்தான் வசந்தி" என்றான். "பெரிய தப்பு." "அட, அதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. நல்லாத்தான இருக்கறேன். என்ற வண்டியிலயும் நீங்க ஒண்ணும் பெருசாக் கேக்கறதில்லை, ஆனா இங்க ம் கொட்டறீங்களே, அது வரைக்கும் பரவால்லீங்க." சொல்லிவிட்டு அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். அவன் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டான், கியர் மாற்ற வேண்டும் விடுங்க என்று அவள் சொல்கிற வரைக்கும்.

போன் அடித்தது. எபனேசர். மணி ஒன்பது ஐம்பது. "அண்ணா, ஆளு வந்துட்டாப்ல, பைப்பை அறுக்கோணும். என்னங்ணா, ஒண்ணா, ரெண்டா?" ஆறு நாளாக உருட்டி உருட்டிப் பார்த்த கேள்வி. இப்போது அதைக் கேட்டபோது யாரோ வேறு ஆளுடைய கேள்வி மாதிரி இருந்தது. "எபி, ஒண்ணு கேக்கறேன். எதைப் போட்டா வண்டிக்குள்ள பக்கத்துல உக்காந்து பேசறது நல்லாக் கேக்கும்?" அந்தப் பக்கம் ஏதோ ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. "எபி?" "அண்ணா... பேசறதுங்களா?" "ஆமாப்பா. ஓட்டீட்டுப் போறப்ப. பக்கத்துல இருக்கறவங்க மெதுவாப் பேசினாக்கூட." "அப்படிப் பாத்தாச் சின்னது ரெண்டுதாங்ணா. வெயிட் பண்ணிக் கேக்கற வேலை இல்லை, சத்தமும் அமுங்கி வரும். ஆனா சைலன்சரையும் மாத்தோணுங்ணா, இப்ப இருக்கறது கத்தும்." "மாத்தீரு." "நெஜமாத்தானுங்களா? ஞாயித்துக்கெழமை பசங்க சிரிப்பாங்களே?" "சிரிக்கட்டும். மாத்தீரு." "சரிங்ணா. அப்பறம் அந்த ரெட்டைக்கு வர்ற ஆயில் லைன் இருக்குதுல்லீங்ணா, அதை ரெண்டு வெதமாக் கொண்டுவரலாம், ஒண்ணு வந்துங்ணா..." மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் திருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கணபதி வரைக்கும் அதிலேயே போயிருப்பான். "எபி, அப்பறம் பேசறேன். இவ என்னமோ சொல்லிட்டிருந்தா" என்று சொல்லிப் போனை வைத்தான்.

வைத்துவிட்டு வசந்தாமணியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "சொல்லு." "என்னத்தைங்க?" "ருக்குமணி கதை." அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், கேலி செய்கிறானா என்று. இல்லை என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் சிவந்தது. "எங்க விட்டேன்?" திருமூர்த்தி முழுசாக யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லலாம், சமாளிக்கலாம், அதெல்லாம் அவனுக்கு நன்றாக வரும். "ஜாதகத்தைத் தப்பான நம்பருக்கு அனுப்பிட்டாங்கற வரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்றான். "அதுக்கப்பறம் நான் கேக்கல." வசந்தாமணி சிரித்துக்கொண்டே சிக்னலுக்கு வண்டியை நிறுத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். "போன ஞாயித்துக்கெழமை காலையில, ருக்குமணி வாசல் கூட்டிட்டிருந்தாளா..." "அன்னைக்கு மழை பெஞ்சுச்சே, அன்னைக்கா?" என்று கேட்டான் திருமூர்த்தி. பச்சை விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. "ஆமாங்க, அன்னைக்கேதான்" என்றாள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது.